பலூன் பரிசோதனை சரிவரவில்லையா? கொழும்புக் காற்றில் பிழை கண்டுபிடித்துத் திருத்தும் வழி

பலூன் பரிசோதனைகளுக்கான செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அறைக்காற்று 20 பாகை, காற்று வறண்டது, குழாய்த் தண்ணீர் குளிர்ந்தது என்பதெல்லாம் சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்படும். கொழும்பில் பகல் வெப்பநிலை 30 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதன்) பெரும்பாலான நேரம் 70 சதவீதத்துக்கு மேல். ஆகவே பரிசோதனை பிழைத்தால் பிள்ளையின் கையைக் குற்றம் சொல்ல முதல் மூன்று விடயங்களை இந்த ஒழுங்கில் பாருங்கள்: காற்று, பலூன், செய்முறை. கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்களுக்கு நேர்ந்ததைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் வாசித்தால் போதும். ஆனால் முதற்பகுதி எல்லோருக்கும் பொது.

எந்தப் பரிசோதனைக்கும் முதல்: பலூனைச் சோதிக்கவும்

பொதியில் 10 அல்லது 12 அங்குலம் என்று அச்சிட்ட சாதாரண இறப்பர் பலூன்தான் வேண்டும். 5 அங்குலச் சிறு பலூனின் வாய் போத்தலில் ஏறாது, ஏறினாலும் கிழியும். மினுங்கும் பிளாஸ்டிக் தாள் பலூன் இழுபடாது. இந்தப் பரிசோதனைகளில் அதற்கு வேலையில்லை.

புறக்கோட்டையில் நூறு நூறாகக் கட்டி விற்கும் பொதிகளில் நல்லதும் உண்டு, வெயிலில் காய்ந்து பழுதானதும் உண்டு. ஒன்றை எடுத்து இரு விரலால் இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பினால் நல்லது. விரலில் பிசுபிசுத்தாலோ, இழுத்த இடத்தில் வெண்ணிறக் கீறல் விழுந்தாலோ அந்தப் பொதியை ஒதுக்கிவிடுங்கள். பலூனுக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி அழுக்கல்ல, கழுவ வேண்டாம். உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் போடுவது. 1824இல் மைக்கேல் பரடே இலண்டனில் ஐதரசன் வாயுவைப் பிடித்து வைக்க முதல் இறப்பர் பலூனைச் செய்தபோதே உள்ளே மாவு தூவித்தான் ஒட்டாமல் காத்தார்.

புதுப் பலூன் முதல் ஊதலுக்கு முரண்டு பிடிக்கும். பம்பால் ஒருமுறை முக்கால்வாசி ஊதி, ஒரு நிமிடம் வைத்து, காற்றை விட்டுவிட்டால் இறப்பர் இளகும். வாயு பலூனைத் தானாக ஊதவேண்டிய எல்லாப் பரிசோதனைகளுக்கும், அதாவது அப்பச்சோடா, ஈஸ்ட், சூடேற்றிய போத்தல் மூன்றுக்கும், இப்படி இளக்கிய பலூனையே பயன்படுத்துங்கள். பாதித் தோல்விகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

சிறுபிள்ளை உள்ள வீட்டில் உடைந்த துண்டுகளை உடனே பொறுக்குங்கள். தொண்டையில் போய் ஒட்டினால் மூச்சை அடைக்கும். இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் வாயால் ஊதக்கூடாது.

“தலையில் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது, பலூன் எதிலும் ஒட்டவில்லை”

கொழும்பில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. காரணம் ஒன்றே: ஈரம். தலைமயிரில் தேய்க்கும்போது பலூன் இலத்திரன்களைப் பெற்று மறை மின்னேற்றம் அடைகிறது. இது எந்தக் காலநிலையிலும் நடக்கும். ஆனால் ஈரக்காற்றில் பலூனின் மேற்பரப்பிலும் மயிரிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்திருக்கும். வந்த மின்னேற்றம் அந்தப் படலம் வழியே கைக்கும் மற்ற இடங்களுக்கும் கசிந்துவிடுகிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புவது போன்ற வேலை. தேய்ப்பதைக் கூட்டிப் பயனில்லை, ஓட்டையை அடைக்கவேண்டும்.

தொலைபேசியில் வானிலைச் செயலி ஈரப்பதனைக் காட்டும். 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் எல்லாம் சிறப்பாக நடக்கும். 60 வரை சமாளிக்கலாம். 75க்கு மேல் என்றால் கீழே சொல்வதையெல்லாம் செய்தாலும் சில நொடிகள்தான் கிடைக்கும்.

முதலில் நேரம். விடிகாலையில் ஈரப்பதன் உச்சத்தில் இருக்கும், பிற்பகல் ஒரு மணி தொடக்கம் மூன்று மணி வரை குறைவாக இருக்கும். ஜனவரி, பெப்ரவரி வறண்ட மாதங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் இதை வகுப்பில் செய்துகாட்ட நினைப்பது வீண். அடுத்தது இடம். ஏசி போட்ட அறையில் கதவைச் சாத்தி அரை மணித்தியாலம் விட்டால் காற்று குளிர்வதோடு வறளவும் செய்யும். பலூன், துணி, பரிசோதிக்கும் பொருள் எல்லாமே அந்த அரை மணித்தியாலம் உள்ளேயே இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த பலூனின் மேல் ஈரம் அப்படியே இருக்கும்.

ஏசி இல்லாவிட்டால் ஹெயார் டிரையர். பலூனிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, பலூனைச் சுழற்றிக்கொண்டே 20 நொடி காட்டுங்கள். கிட்டப் பிடித்தால் வெடிக்கும். தேய்க்கும் துணியையும் அப்படியே காயவிடுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 230 வோல்ற் சாதனம், ஈரக்கையால் தொடக்கூடாது.

இனித் தலை. எண்ணெய் வைத்த தலையில் தேய்த்தால் பலூனில் எண்ணெய்ப் படலம்தான் ஏறும். முதல்நாள் முழுகி நன்றாகக் காய்ந்த, எண்ணெய் படாத மயிர் வேண்டும். கிடைக்காவிட்டால் கம்பளித் துணி. மலைநாட்டுக்குப் போட்டுப்போன பழைய சுவெட்டர் அலுமாரிக்குள் கிடந்தால் இதற்கு உதவும், ஆனால் லேபிளில் கம்பளி என்று இருக்கிறதா பாருங்கள். அக்ரிலிக், பொலியெஸ்ரர் துணிகள் பலூனோடு உரசும்போது கம்பளி அளவு மின்னேற்றம் தருவதில்லை. பருத்தித் துவாய் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

தேய்க்கும் முறையிலும் ஒரு சங்கதி உண்டு. பலூனை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தால் வியர்வை முழுவதும் அதில் படும். முடிச்சில் மட்டும் பிடியுங்கள். ஒரே பக்கத்தை, ஒரே திசையில், 15 தடவை தேய்த்து, அதே பக்கத்தை உடனே பொருளுக்குக் காட்டுங்கள். இறப்பர் மின்னைக் கடத்தாத காவலி என்பதால் மின்னேற்றம் தேய்த்த இடத்திலேயே நிற்கும். மறுபக்கத்தைக் காட்டினால் ஒன்றும் நடக்காது.

மின்னேற்றம் வந்ததா என்று அறியக் கடதாசித் துண்டு நல்ல கருவி அல்ல, இங்கே கடதாசியே ஈரத்தில் பாரமாகிவிடும். உடைந்த ரெஜிபோமின் (பொதிகட்டும் வெள்ளை நுரைப்பலகை) சிறு மணிகளைத் தட்டில் போட்டு 3 சென்ரிமீற்றர் உயரத்தில் பலூனைக் காட்டுங்கள். மணிகள் துள்ளினால் மின்னேற்றம் உண்டு. துள்ளாவிட்டால் மற்றதைச் செய்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், காயவிடுவதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

*சுவரில் ஒட்டி உடனே விழுகிறது.* சீமெந்துச் சுவர் இங்கே எப்போதும் கொஞ்சம் ஈரம்தான். மெலமைன் பூசிய அலுமாரிக் கதவில் வைத்துப் பாருங்கள். கூரை மின்விசிறியை நிறுத்தாமல் இதைச் செய்து ஏமாறுவதும் வழக்கம்.

*நூலில் தொங்கவிட்ட இரு பலூன்கள் விலகவில்லை.* பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி மின்னேற்றத்தை மேலே கடத்திவிடும். மீன் பிடிக்கும் தங்கூசியில் தொங்கவிடுங்கள். இரண்டையும் ஒரே துணியால், ஒன்றையொன்று பார்த்திருக்கும் பக்கங்களில் தேய்க்க வேண்டும்.

*தண்ணீர்த் தாரை வளையவில்லை.* குழாயை மெல்லத் திறந்து, தாரை 2 மில்லிமீற்றர் தடிப்பில், உடையாமல், ஓசையில்லாமல் விழும்படி வையுங்கள். பலூனை 2 சென்ரிமீற்றர் வரை கொண்டுபோங்கள். ஒரு துளி பலூனில் பட்டாலும் அந்தச் சுற்று முடிந்தது; துடைத்து, காயவிட்டு, மறுபடியும் தேய்க்க வேண்டும். நீர் மூலக்கூறு முனைவுள்ளது என்பதால் வளைகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். முழு விளக்கம் அதுவல்ல. குழாய்த் தண்ணீரில் அயன்கள், அதாவது மின்னேற்றமுள்ள துகள்கள் உண்டு, பலூனின் தூண்டலால் தாரையின் துளிகள் எதிர் மின்னேற்றம் அடைகின்றன, இழுப்பில் பெரும்பங்கு அதனுடையது.

மழைநாளில் எப்படியும் நிலைமின்னியல் காட்டியே ஆகவேண்டுமென்றால் வெற்று அலுமினியப் பானக் கானைப் படுக்கவைத்து, தேய்த்த பலூனைக் கிட்டக் காட்டி உருட்டுங்கள். உருள்வதற்கு மிகச் சிறிய விசை போதும், ஆகவே மற்றதெல்லாம் கைவிட்ட நாளிலும் இது நடக்கும். முதலில் கான் தானாக உருளாத மட்டமான இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளின் தரை தண்ணீர் ஓடச் சரிவாக இருக்கும்.

“அப்பச்சோடாவும் வினாகிரியும் பொங்குகிறது, பலூன் அரைவாசியும் வரவில்லை”

போத்தலில் வினாகிரி, பலூனுக்குள் அப்பச்சோடா; பலூனைப் போத்தல் வாயில் மாட்டிப் பொடியை உள்ளே இறக்கும் பரிசோதனை இது. முதலில் எவ்வளவு வாயு வரவேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். லேபிளில் 4 சதவீத அசற்றிக் அமிலம் என்றிருக்கும் வினாகிரி 100 மில்லிலீற்றரில் 4 கிராம் அமிலம் உண்டு. அதற்குச் சரியாகத் தேவைப்படும் அப்பச்சோடா 5.6 கிராம், அதாவது மட்டமாக வழித்த தேக்கரண்டி ஒன்றுக்குச் சற்றுக் கூட. முழுவதும் தாக்கமடைந்தால் 30 பாகையில் ஒன்றரை லீற்றருக்குச் சற்று அதிகமான காபனீரொட்சைட்டு வரும். கொஞ்சம் திரவத்தில் கரைந்து நிற்கும். மீதி ஒன்றரை லீற்றர் பலூனை ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு ஊதும். தையல் நாடாவால் சுற்றளவை அளந்தால் 44 சென்ரிமீற்றர். அவ்வளவுதான். 10 அங்குலப் பலூன் முழுதாக நிரம்ப எட்டு லீற்றர் வேண்டும், ஆகவே “அரைவாசியும் வரவில்லை” என்பது பெரும்பாலும் தோல்வியே அல்ல.

44க்கு மிகக் குறைவாக இருந்தால் இப்படிப் பாருங்கள். போத்தல் திரவத்தில் இரண்டு கரண்டி எடுத்து இரு கோப்பையில் விடுங்கள். ஒன்றில் சிட்டிகை அப்பச்சோடா, மற்றதில் சில துளி வினாகிரி. அப்பச்சோடா போட்டது பொங்கினால் அமிலம் மிச்சம், அப்பச்சோடா போதவில்லை. வினாகிரி விட்டது பொங்கினால் அப்பச்சோடா மிச்சம், வினாகிரி போதவில்லை அல்லது ஐதானது. இரண்டும் பொங்காவிட்டால் தாக்கம் சரியாக முடிந்திருக்கிறது; வாயு எங்கோ வெளியேறியிருக்கிறது. அடியில் வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனையல்ல, மிஞ்சிய அப்பச்சோடா கரைந்தே நிற்கும்.

வாயு போகும் இடம் அனேகமாகப் போத்தலின் கழுத்து. பலூன் வாயைத் திருகின் வரைகளைத் தாண்டிக் கீழே இருக்கும் வளையம் வரை இழுத்து மாட்டி, மேலே இறப்பர் பட்டியை மூன்று சுற்றுச் சுற்றுங்கள். விரலில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுக் கழுத்தைச் சுற்றித் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் எழும்.

கோப்பை இரண்டிலும் பொங்காமல், ஆரம்பத்திலேயே மந்தமாக இருந்தால் பொதியைத் திருப்பிப் படியுங்கள். பேக்கிங் பவுடர் அப்பச்சோடா அல்ல. அதில் மாப்பொருளும் உலர் அமிலமும் கலந்திருக்கும். அதே நிறையில் கிடைக்கும் வாயு மிகக் குறைவு. இரண்டும் கடையில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளி அதற்குக் குறையாத அமிலம்தான். பிழிந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டே பலூனைத் தொடவேண்டும். காரணம் கீழே வருகிறது.

*நுரை பலூனுக்குள் ஏறுகிறது.* போத்தல் சிறிதாக இருக்கும், அல்லது பாத்திரம் கழுவும் திரவம் உள்ளே ஒட்டியிருக்கும். 100 மில்லிலீற்றருக்கு 500 மில்லிலீற்றர்ப் போத்தல் வேண்டும். பலூனை ஒரேயடியாக நிமிர்த்திக் கொட்டாமல், சரித்துப் பிடித்து நான்கைந்து தட்டில் பொடியை இறக்குங்கள். பொடியைப் பலூனுக்குள் போட முதல் புனல் உலர்ந்திருக்கிறதா பாருங்கள். ஈரப்புனலில் அப்பச்சோடா கட்டியாகி நடுவில் அடைத்துக்கொள்ளும்.

*ஊதிய பலூன் விடிவதற்குள் சுருங்கிவிட்டது.* முடிச்சுப் பிழையாக இருக்கலாம். ஆனால் சரியான முடிச்சோடும் சுருங்கும்: காபனீரொட்சைட்டு நைதரசனைவிடப் பல மடங்கு வேகமாக இறப்பரை ஊடுருவி வெளியேறும். பம்பால் காற்றடித்த இன்னொரு பலூனை அதே சுற்றளவில் பக்கத்தில் வைத்து மணிக்கொருமுறை அளந்து வரைபு கீறினால் அதுவே தனியொரு பரிசோதனை. பறக்கவில்லையே என்று கேட்கும் பிள்ளைக்கும் அதே இரு பலூன்கள் பதில் சொல்லும். தலையளவு உயரத்திலிருந்து ஒன்றாக விட்டால் காபனீரொட்சைட்டுப் பலூன் முந்தி விழும், அது வளியைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியானது.

“ஈஸ்ட் போத்தல் ஒரு மணித்தியாலமாகியும் அசையவில்லை”

இங்கே பழுதாக்குவது பெரும்பாலும் தண்ணீரின் சூடு. கொதிநீர் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு என்று சில செய்முறைகள் சொல்லும். குழாயில் 10 பாகைத் தண்ணீர் வரும் நாட்டில் அது 40 பாகை. கொழும்புக் குழாயில் 30 பாகைத் தண்ணீர் வரும்போது அதே கலவை 53 பாகையாகிவிடும், ஈஸ்ட் அந்தச் சூட்டிலேயே சாகத் தொடங்கும். இங்கே ஒன்றுக்கு ஆறு பங்கு கலவுங்கள், 40 பாகை வரும்.

அளவு: 500 மில்லிலீற்றர்ப் போத்தல், மேற்சொன்ன தண்ணீர் 200 மில்லிலீற்றர், சீனி 2 தேக்கரண்டி, உடனடி ஈஸ்ட் 1 தேக்கரண்டி. சீனியை முதலில் கரைத்து, ஈஸ்ட்டைச் சேர்த்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, இளக்கிய பலூனை மாட்டுங்கள். 20 நிமிடத்தில் மேலே நுரை தெரியவேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் பலூன் நிமிரவேண்டும். நுரையே இல்லையென்றால் ஈஸ்ட் செத்தது. திறந்த பொதியைக் குசினி அலுமாரியில் வைத்திருந்தால் ஈரமும் சூடும் அதைக் கெடுத்திருக்கும். திறந்தபின் மூடி இறுக்கமான போத்தலில் பிரிஜ்ஜில் வைக்க வேண்டும். நுரை இருந்தும் பலூன் கிடந்தால் கழுத்துக் கசிவு. போத்தலை வெயிலில் வைக்கத் தேவையில்லை, நம் அறைச்சூடே அதற்குப் போதும். பாண் பேக்கரிக்காரருக்கு இது தெரிந்த சங்கதி.

“சுடுதண்ணீரில் வைத்த போத்தலின் பலூன் நிமிர்கிறதே தவிர ஊதவில்லை”

வளி சூடானால் விரிகிறது என்று காட்டும் பரிசோதனை இது. 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் 30 பாகை வளியை 80 பாகைக்கு ஏற்றினால் கனவளவு 16 சதவீதம் கூடும், அதாவது 125 மில்லிலீற்றர். பலூனில் ஒரு தேசிக்காயைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. இறப்பரின் இழுவை அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் தொடக்க வெப்பநிலையே கூட, அதனால்தான் மாற்றம் அற்பமாகத் தெரிகிறது.

திருத்தம் எளிது. வெற்றுப் போத்தலை மூடி திறந்தபடி ஒரு மணித்தியாலம் பிரிஜ்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் பலூனை மாட்டி, முதலில் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம், பிறகு சுடுதண்ணீரில். 5 பாகையிலிருந்து 80 பாகைக்கு 27 சதவீதம், 200 மில்லிலீற்றர். இப்போது வகுப்பின் பின்வாங்கிலிருந்தும் தெரியும். கண்ணாடிப் போத்தலைப் பிரிஜ்ஜிலிருந்து நேரே சுடுதண்ணீருக்குள் இறக்கினால் வெடிக்கும், இடையில் அந்தக் குழாய்த் தண்ணீர் அதற்காகத்தான். மென்பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் என்றால் தண்ணீர் 65 பாகையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் போத்தல் நெளியும், கனவளவுக் கணக்கும் அதோடு போகும்.

இதன் மறுபக்கம், பலூன் போத்தலுக்குள் உறிஞ்சப்படுவது, எந்த ஈரப்பதனிலும் நடக்கும் பரிசோதனை. சற்றுத் தடித்த கண்ணாடிப் போத்தலை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்கி, கேத்தலில் கொதித்த தண்ணீரைப் புனலால் கால்வாசி ஊற்றி, துணியால் பிடித்துச் சுழற்றிக் கொட்டி, அடியில் ஒரு மேசைக்கரண்டி அளவு விட்டு, உடனே பலூனை மாட்டுங்கள். உள்ளே உள்ள நீராவி ஒடுங்க அமுக்கம் குறையும், வெளிவளி பலூனைக் கழுத்தால் உள்ளே தள்ளும். பலூன் உள்ளே போகாவிட்டால் மாட்டுவதற்கு எடுத்த நேரம் கூடிவிட்டது. கொட்டுவதற்கும் மாட்டுவதற்கும் இடையில் ஐந்து நொடிக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் சரியாக வரும். பெரியவர் ஊற்றவேண்டும்.

“குச்சி செருகினால் ஒவ்வொரு முறையும் வெடிக்கிறது”

ஊதிய பலூனின் நிறத்தைக் கூர்ந்து பாருங்கள். பக்கங்கள் வெளிறியிருக்கும், உச்சியில் ஒரு காசளவு இடமும் முடிச்சைச் சுற்றிய இடமும் கடும் நிறமாக இருக்கும். கடும் நிறம் என்றால் இறப்பர் அங்கே அதிகம் இழுபடவில்லை. குச்சி நுழையவேண்டியது அந்த இரு இடங்களிலும் மட்டும்.

பலூனை முழுதாக ஊதி, மூன்றிலொரு பங்கு காற்றை விட்டு, முடிச்சுப் போடுங்கள். இறைச்சி வாட்டப் பயன்படுத்தும் 25 சென்ரிமீற்றர் மூங்கில் குச்சியின் சிலாம்புகளை மண்தாளால் தேய்த்தெடுத்து, நுனியிலிருந்து பாதி வரை சமையல் எண்ணெய் பூசுங்கள். முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளாமல், திருகித் திருகி நுழையுங்கள். உள்ளே போனபின் உச்சியின் கடும் புள்ளிக்குக் குறிபார்த்து அதேபோல் திருகி வெளியே எடுங்கள். ஈர்க்கு வளையும், அதனால் குறி தவறும், வேண்டாம். பக்கத்தில்தான் குத்திக் காட்டவேண்டும் என்றால் அங்கே செலோடேப் துண்டொன்றைக் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டி அதன் நடுவில் குண்டூசியால் குத்துங்கள். துளை உண்டாகும், கிழிசல் ஓடாது.

*யாரும் குத்தாமலே, கையில் எடுத்தவுடன் வெடிக்கிறது.* யாராவது தோடம்பழம் உரித்தார்களா, தேசிக்காய் பிழிந்தார்களா என்று கேளுங்கள். அவற்றின் தோலில் உள்ள இலிமோனீன் எண்ணெய் இறப்பரைக் கரைக்கும். இழுபட்டு மெலிந்த பலூனில் ஒரு துளி பட்டாலே போதும். இதையே பரிசோதனையாகவும் செய்யலாம், தோலை மடித்து பலூன் பக்கம் பீச்சவேண்டும். வெடிக்காவிட்டால் பலூன் போதிய அளவு ஊதப்படவில்லை, அல்லது தோல் காய்ந்துவிட்டது. சாறு வேலை செய்யாது, தோல்தான்.

“தண்ணீர்ப் பலூன் மெழுகுதிரியில் உடைந்துவிட்டது”

தண்ணீர் உள்ள இடத்தில் சுவாலை பட்டால் இறப்பரின் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் இல்லாத இடத்தில் பட்டால் ஒரு நொடியில் உடையும். உடைந்தது என்றால் சுவாலை பக்கவாட்டில் நக்கியிருக்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து மாடிவீடுகளில் யன்னலைத் திறந்துவைத்து இதைச் செய்யவே முடியாது, கடற்காற்று சுவாலையைச் சாய்க்கும். யன்னலையும் மின்விசிறியையும் அடைத்து, பலூனில் ஒரு தேநீர்க் கோப்பை தண்ணீர் விட்டு, மீதியைக் காற்றால் ஊதி, சுவாலை நுனி அடிமையத்துக்கு 2 சென்ரிமீற்றர் கீழே நிற்கும்படி பிடியுங்கள். ஒரு நிமிடம் போதும். கை கழுவும் தொட்டிக்கு மேல், பெரியவர் மட்டும். வாயு நிரப்பிய கொண்டாட்டப் பலூனை எக்காரணம் கொண்டும் நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். உள்ளே எந்த வாயு என்று பார்வையில் தெரியாது.

தொடக்கத்தில் அடிப்பக்கம் வியர்த்தது போல ஈரமாகும். ஓட்டையல்ல. மெழுகு எரிந்து வந்த நீராவி குளிர்ந்த இறப்பரில் ஒடுங்குகிறது. கறுப்பாவதும் இறப்பர் கருகியதால் அல்ல. கரி படிந்தது, விரலால் துடைத்தால் போகும்.

“பெரிய பலூனும் சின்னப் பலூனும் சமமாகவில்லை, சின்னது இன்னும் சின்னதாகிறது”

பிழையில்லை, இதுதான் சரியான விடை. பேனைக் குழாயால் இணைத்த இரு பலூன்களில் சின்னதற்குள்தான் அமுக்கம் கூட. ஊதும்போது முதல் மூச்சு கடினமாகவும் பிறகு இலகுவாகவும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே காற்று சின்னதிலிருந்து பெரியதற்குப் போகும்.

எந்தப் பக்கமும் போகாவிட்டால் மூன்று காரணங்கள். பலூன் கழுத்து முறுகிக் கிடக்கலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கலாம். ஒன்றை 10 சென்ரிமீற்றர், மற்றதை 20 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு ஊதுங்கள். அல்லது பெரியதை அதன் எல்லைவரை ஊதிவிட்டீர்கள். இறுதிக்கட்டத்தில் இறப்பர் மறுபடியும் விறைத்து அமுக்கம் ஏறும், அப்போது காற்று எதிர்த்திசையிலும் ஓடலாம். ஒன்று புதிது, மற்றது இளக்கியது என்றிருந்தாலும் முடிவு குழம்பும். இரண்டையும் ஒரே அளவு தடவை ஊதி இளக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ரொக்கெற் நடுவழியில் நிற்கிறது, சீடி ஓடம் வழுக்கவில்லை

ரொக்கெற் என்பது இழுத்துக் கட்டிய நூலில் கோத்த ஸ்ட்ரோவில் பலூனை ஒட்டி ஓடவிடுவது. கடதாசி ஸ்ட்ரோ ஈரத்தில் நனைந்து நூலைப் பிடிக்கும். மைக்குழாய் கழற்றிய பேனைக் குழாயும் தங்கூசியும் போடுங்கள். நூல் தொய்ந்தால் நடுவில் நிற்கும், இழுத்துக் கட்டுங்கள். பலூன் நூலைச் சுற்றிச் சுழன்றால் இரு இடத்தில் டேப் ஒட்டி, வாய் நேரே பின்னோக்கி இருக்கும்படி திருத்துங்கள்.

சீடி ஓடம் என்பது சீடியின் நடுவில் துளையிட்ட போத்தல் மூடியை ஒட்டி, அதில் ஊதிய பலூனை மாட்டியது. அது மாபிள் தரையில் ஒவ்வொரு இடைவெளியிலும் நிற்கும், காற்று அந்தக் கோட்டால் வெளியேறுகிறது. கண்ணாடி மேசையில் விடுங்கள். மூடியின் துளை 3 மில்லிமீற்றர் போதும்; பெரிதானால் பலூன் சில நொடியில் காலி.

மிச்சப் பலூன்கள்

வெயில், சூடு, ஓசோன் மூன்றும் இறப்பரைக் கெடுக்கும். மின்மோட்டர் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில், யன்னலோரத்தில் வைக்காதீர்கள். பொதியைக் காற்றுப் புகாத பிஸ்கற் தகரத்தில் போட்டு, மேலே வாங்கிய மாதத்தை எழுதி, வீட்டின் குளிர்ந்த இருட்டான அலுமாரியில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போதும் ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.